முருகேஸ்வரி வீட்டுத் தாழ்ப்பாள்

உள் அறையில் ஜன்னல் கம்பிகளின் மேல் தூக்குவாளியை வைத்து இழுக்கிற சத்தம் கேட்டது. கட கட கட. ஒரு நிறுத்தம். மறுபடியும் கட கட கட.

அடுக்களையில் வெங்காயம் உரித்துக்கொண்டிருந்த பேச்சியம்மாளுக்குக் கை அப்படியே நின்றது. அடுத்து, தொண்டையில் சளி கட்டிய ஓர் ஆண் குரல் இழுத்து இழுத்துக் கூப்பிட்டது.

"பானும்மா... அப்பா வந்துட்டேன்டா... நாளையிலேருந்து நிறுத்திருவேன்டா..."

பேச்சியம்மாள் அகப்பையை எடுத்துக்கொண்டு எழுந்தாள். அறுபத்தைந்து வயது உடம்பு அவ்வளவு வேகமாக எழுந்து வெகுநாளாகிறது. "வந்துட்டியாலே எடுபட்ட பயலே! அங்கன இருந்து சுவரேறிக் குதிச்சு வந்துட்டியா!" என்று கத்திக்கொண்டே அறைக்குள் போனாள்.

அங்கே அவள் மகன் இல்லை. மருமகள் நின்றுகொண்டிருந்தாள். தன் புருஷன் முனியராஜின் கைலியை மடித்துக் கட்டி, அவனுடைய பழைய சட்டையைப் போட்டு, தலையில் துண்டைச் சுற்றியிருந்தாள். கையில் அவன் வேலைக்குச் சோறு கொண்டுபோகிற தூக்குவாளி.

"ஏத்தா ஈஸ்வரி, என்ன கோலம் இது?"

"நாடகத்துக்குப் பழகுறேன் அத்தை. பயந்துட்டீகளா?"

"பயப்படாம? பழகுறதுக்கு உனக்கு வேற சத்தம் கெடைக்கலையா?"

"சரியா இருந்துச்சா?"

பேச்சியம்மாள் உடனே கோபத்தை மறந்தாள். அகப்பையைத் தோளில் சாய்த்துக்கொண்டு யோசித்தாள். பெற்றவளைவிட இந்தக் கலையை மதிப்பிட வேறு யார் இருக்கிறார்கள்?

"குரல் அவன்தான். ஆனா வாளி ஒரே சீரா வருது. மூணாவது கம்பியில அவனுக்குக் கை வழுக்கும். 'டங்'குனு ஒண்ணு விழும் பாரு, அது வேணும்."

முருகேஸ்வரி மறுபடி இழுத்தாள். கட கட டங். இருவரும் ஒருவரையொருவர் பார்த்தார்கள். முதலில் சிரித்தது மாமியார்தான். சிரித்து முடித்ததும் இரண்டு பேரும், சொல்லிவைத்தாற்போல, முன் கதவைத் திரும்பிப் பார்த்தார்கள். தாழ்ப்பாள் போட்டுத்தான் இருந்தது.

அந்தத் தாழ்ப்பாளைப் பற்றிச் சொல்லாமல் முருகேஸ்வரியைப் பற்றிச் சொல்ல முடியாது.

அவள் விஸ்வநத்தத்துப் பெண். பன்னிரண்டாம் வகுப்புத் தேர்வு முடிந்த கையோடு ஊருக்கு வெளியே இருந்த ஒரு பட்டாசுக் கம்பெனியில் சரம் பின்னப் போனாள். நூலும் திரியும் அவள் விரலுக்குள் ஓடுவதை மேஸ்திரி நின்று பார்ப்பாராம். அதே கம்பெனியில் மருந்து ரூமில் வேலை பார்த்தவன் முனியராஜ், ஆமத்தூர்க்காரன். வெடிமருந்து கலக்குகிறவர்கள் மேலெல்லாம் அலுமினியப் பொடி அப்பி, உச்சி முதல் கால்வரை வெள்ளியில் செய்த ஆள்போல வெளியே வருவார்கள். அப்படி ஒரு வெள்ளி முகத்தோடு ஒரு நாள் தண்ணீர்த் தொட்டியருகே அவளை நிறுத்தி, "என்னையக் கட்டிக்கிறியா?" என்று கேட்டான். "மொதல்ல மூஞ்சியைக் கழுவுங்க. ஆளு யாருன்னு பாத்துட்டுச் சொல்றேன்" என்றாள் அவள். அவன் கழுவிவிட்டு வந்தான். காதோரத்தில் மட்டும் வெள்ளி மிச்சமிருந்தது. அந்தக் காதோரத்தைப் பார்த்துத்தான் சரி என்றாள். இரண்டு வீட்டிலும் ஆறு மாதம் பேச்சு இல்லை. பிறகு பேத்தி பிறந்ததும் எல்லோரும் பேசினார்கள். பானுப்பிரியா என்று பெயர் வைத்தார்கள்.

மருந்து ரூமுக்கு நாலு பக்கமும் கதவு இருக்கும். ஆள் உள்ளே இருக்கும்போது எந்தக் கதவையும் சாத்தக் கூடாது. இதைக் கம்பெனியில் சேர்ந்த முதல் நாளே சொல்லித்தருவார்கள். ஆனால் மேற்கிலிருந்து மேகாற்று வீசும் மாதத்தில் பொடி பறக்கும். பொடி பறந்தால் கலவை கெடும். ஒரு நாள் முனியராஜின் பக்கத்து ரூமில் இருந்த இருவர், காற்றுக்குப் பயந்து மூன்று கதவைச் சாத்திவிட்டு வேலை செய்தார்கள். நெருப்பைவிடக் காற்றுதான் அன்றைக்கு அவர்களுக்குப் பெரிதாகத் தெரிந்திருக்கிறது. வெடித்தபோது திறந்திருந்த ஒரே கதவுப் பக்கம் தீ இருந்தது. சாத்தின கதவை வெளியிலிருந்து உடைத்தது முனியராஜ். ஒருவன் பிழைத்தான்.

அன்று மாலை வீட்டுக்கு வந்தவன் கை கால்கூடக் கழுவவில்லை. திருப்புளியை எடுத்து, வீட்டு முன் கதவின் தாழ்ப்பாளைக் கழற்றி, முற்றத்துக் குப்பையில் எறிந்தான். "இனி இந்த வீட்டுக் கதவைப் பூட்டக் கூடாது" என்றான். யாரும் மறுத்துப் பேசவில்லை. குடி அன்றைக்குத்தான் ஆரம்பித்தது என்று ஊரில் சொல்வார்கள். அது உண்மையில்லை. அதற்கு முன்பும் குடித்திருக்கிறான். அதன் பிறகு அவனுக்கு ஒரு காரணம் கிடைத்துவிட்டது.

தாழ்ப்பாள் இல்லாத வீட்டில் முருகேஸ்வரி வருஷக்கணக்கில் படுத்தாள். தூங்கினாள் என்று சொல்ல முடியாது. இருட்டியதும் ஆட்டுக்கல்லின் குழவியை உருட்டிக்கொண்டுபோய்க் கதவுக்குப் பின்னால் வைப்பாள். தூரத்தில் எந்த வீட்டில் பாத்திரம் உரசினாலும் எழுந்து உட்காருவாள். பிறகு உண்மையான சத்தம் வரும். கட கட டங். குழவியை இடித்துத் தள்ளிக்கொண்டு கதவு திறக்கும். சில நாள் அடி. சில நாள் காலைப் பிடித்துக்கொண்டு அழுகை. அடித்த நாளைவிட அழுத நாள்தான் நீளம் என்பாள் அவள்.

மகள் மதுரையில் நர்சிங் படிக்கப் போனாள். போகும்போது, "லீவுக்குக்கூட நான் இங்கன வரமாட்டேம்மா. நீ வேணும்னா அங்க வந்து என்னையப் பாரு" என்று சொல்லிவிட்டு பஸ் ஏறினாள். பஸ் கிளம்பியது. முருகேஸ்வரி அழவில்லை. வீட்டுக்கு வந்து மாமியாரிடம், "அத்தை, சேலையை மாத்துங்க, உங்க மகனைக் கொண்டுபோய் விட்டுட்டு வருவோம்" என்றாள். விருதுநகரில் ஒரு குடிநிறுத்த மையம். முனியராஜை ஆளுக்கொரு கையாகப் பிடித்துக்கொண்டுபோய்ச் சேர்த்தார்கள். பேச்சியம்மாள் திரும்பி வரும் வழியெல்லாம் அழுதாள். முருகேஸ்வரி ஆமத்தூரில் இறங்காமல் சிவகாசிவரை போய் ஒரு தாழ்ப்பாள் வாங்கினாள்.

அதைப் போட்ட முதல் ராத்திரி இரண்டு பெண்களும் தூங்கிய தூக்கத்தில், காலையில் கம்பெனி வேன் வந்து ஹாரன் அடித்து அடித்து அலுத்துப் போய்விட்டது. கல்யாணத்துக்குப் பிறகு சொல்லாமல் லீவு போட்டது அன்றைக்கு ஒரு நாள்தான்.

மையத்தில் வாராவாரம் குடும்பங்களை உட்காரவைத்துப் பேசுகிறவர் ஸ்ரீமதி. எல்லோருக்கும் மேடம். ஆண்டு விழாவுக்கு நாடகம் போட வேண்டும் என்று அவர்தான் ஆரம்பித்தார். மூன்று ஜோடிகள், மூன்று சண்டைகள். பெயர், 'நாளையிலிருந்து நிறுத்துறேன்'. சிரிக்கச் சிரிக்க இருக்க வேண்டும், கடைசியில் அழவைக்க வேண்டும் என்பது அவருடைய திட்டம். ஒரு கட்டுப்பாடும் வைத்தார். குடியை விட்ட ஆண்கள் மேடையில்கூடக் குடிகாரனாக நடிக்கக் கூடாது. காலிப் பாட்டிலைக் கையில் எடுத்தாலே பழைய ஆள் எட்டிப்பார்ப்பான்.

"அப்ப யாரு மேடம் நடிப்பா?" என்று கேட்டார் நாகையா. பெரிய மீசைக்காரர்.

"உங்க வீட்டம்மா உங்களா நடிப்பாங்க. நீங்க அவங்களா நடிப்பீங்க."

"மீசையை எடுக்க மாட்டேன். வேணும்னா முக்காடு போட்டுக்கிறேன்."

"போடுங்க. எங்க அத்தை மாதிரியே இருப்பீக. அவுகளுக்கும் லேசா மீசை உண்டு" என்றாள் அவர் மனைவி சோலையம்மாள்.

மூன்றாவது ஜோடி சிவகாசி அச்சாபீஸ் முதலாளி வீட்டுப் பையன் ராம்குமாரும் அவன் மனைவி பிரீத்திகாவும். காதலித்துக் கட்டியவர்கள். இப்போது அவள் அப்பா வீட்டில் இருக்கிறாள். "நடிக்கிறேன். ஆனா அவரு பக்கத்துல நிக்க மாட்டேன்" என்று சொல்லிவிட்டாள். ஸ்ரீமதி மேடம் அவர்கள் காட்சி முழுவதையும் செல்போன் பேச்சாக மாற்றி, மேடையின் இந்தக் கோடிக்கு ஒருவரையும் அந்தக் கோடிக்கு ஒருவரையும் நிறுத்தினார். ஒத்திகையில் அதற்குத்தான் சிரிப்பு அதிகம்.

முனியராஜ் நடிப்பில் பிரச்சினை வந்தது. அவன் மனைவி வேஷத்தில் மாரில் அடித்துக்கொண்டு, "நான் என்ன பாவம் செஞ்சேன்! என் தாலிக்கு ஒரு வழி சொல்லுங்க!" என்று நீட்டி முழக்கினான். முருகேஸ்வரி கைலியோடு வந்து அவனெதிரே நின்றாள்.

"நான் எப்ப இப்பிடி ஒப்பாரி வச்சேன்?"

"வைக்கலையா?"

"ஒரு நாளும் வைக்கலை."

"அப்ப என்னதான் செஞ்ச?"

"கொழவியைக் கதவுக்குப் பின்னால வச்சுட்டு உக்காந்திருந்தேன்."

"எந்தக் கொழவி?"

அவனுக்கு உண்மையிலேயே தெரிந்திருக்கவில்லை. கால் கட்டைவிரல் எத்தனையோ தடவை வீங்கியிருக்கிறது. எதில் இடித்தது என்று ஒரு நாளும் யோசித்ததில்லை. தலையைக் குனிந்து தன் காலையே பார்த்துக்கொண்டிருந்தான்.

"எதுவும் பேச மாட்டீங்களா?" என்று முருகேஸ்வரியிடம் கேட்டார் ஸ்ரீமதி மேடம்.

"பேசுனா பதில் வரும் மேடம். அதான் பேசலை" என்றாள் அவள்.

அதனால் அந்தக் காட்சியில் மனைவிக்கு வசனம் கிடையாது என்று ஆனது. மனைவி குழவியை வைக்கிறாள். கணவன் வாளியால் ஜன்னலை இழுத்து, மகளைக் கூப்பிட்டு, நாளையிலிருந்து நிறுத்துகிறேன் என்கிறான். மனைவி குழவியை நகர்த்திவிட்டுக் கதவைத் திறக்கிறாள். அவன் காலில் விழுகிறான். திரை. "திறக்கிற இடத்துல ஹால்ல ஒரு கண்ணு காஞ்சிருக்கக் கூடாது" என்றார் மேடம்.

நாடகம் ஞாயிற்றுக்கிழமை. மறுநாள் திங்கட்கிழமை முனியராஜ் மையத்திலிருந்து வீட்டுக்கு வருவதாக எல்லோரும் பேசிக்கொண்டார்கள். அவன் சித்தப்பா நல்ல நேரம்கூடப் பார்த்துவிட்டார். கம்பெனியில் மேஸ்திரி, "சுத்தமா வந்தா சேத்துக்குவோம்" என்று சொல்லியனுப்பினார். பேச்சியம்மாள் மகனுக்குப் பிடித்த கருவாடு வாங்கி வைத்தாள். முருகேஸ்வரியிடம் மட்டும் யாரும் கேட்கவில்லை. கதையில்தான் கதவு திறக்கிறதே, பிறகு என்ன கேட்பது?

அவளுக்கு அவன் வேண்டாம் என்றில்லை. ஒத்திகையில் அவன் தன் காலைப் பார்த்துக்கொண்டு நின்றது அவளை என்னவோ செய்தது. ஆனால் அவன் வந்தால் தாழ்ப்பாள் போகும். கதவு சாத்திய ரூமில் அவனால் இருக்க முடியாது. தாழ்ப்பாள் போனால் தூக்கம் போகும். அவன் குடிக்காமலே வந்தாலும் அவள் காது விழித்துக்கொண்டுதான் கிடக்கும். இதை யாரிடம் என்னவென்று சொல்வது? கட்டின புருஷனைவிடத் தூக்கம் பெரிதா என்று கேட்பார்கள். அவளே தன்னை அப்படிக் கேட்டுக்கொண்டாள். பெரிது என்றுதான் பதில் வந்தது. அதை வெளியே சொல்லப் பயந்தாள்.

"அத்தை, திங்கக்கெழமைக்கு அப்புறம் நம்ம தாப்பாளு..." என்று ஒரு நாள் மட்டும் ஆரம்பித்தாள்.

பேச்சியம்மாள் முறத்திலிருந்து தலையைத் தூக்கவில்லை. "அவன் என் மகன்" என்றாள். இரண்டு தடவை புடைத்துவிட்டு, "எனக்கும் தூக்கம் நல்லாத்தான் வருது" என்றாள்.

ஆமத்தூரில் ஒரு கல்யாண மண்டபம். சாயங்காலம் நாற்காலி கொள்ளாமல் கூட்டம். பட்டாசுக் கம்பெனி ஆட்கள் பாதி, அவர்களைக் கூட்டிவந்த பெண்கள் பாதி. நாகையாவின் மீசைக்கு முதல் விசில். பிரீத்திகா மேடையின் இந்தக் கோடியில் நின்று, "ஹலோ, டவர் கிடைக்கலைம்மா, அப்புறம் பேசுறேன்" என்று கணவன் குரலில் குழறியபோது, கூட்டத்தில் பல பெண்கள் தங்கள் வீட்டு ஆண்களைத் திரும்பிப் பார்த்தார்கள்.

கடைசிக் காட்சி. இடிந்த வீடு ஒன்றிலிருந்து நாகையா கொண்டுவந்த பழைய கதவைக் கட்டை கொடுத்து நிறுத்தியிருந்தார்கள். தாழ்ப்பாள் இல்லாத கதவு. பக்கத்தில் ஜன்னல். குழவிக்கல்லுக்குத் தெர்மாகோலை உருட்டிக் கறுப்புப் பெயிண்ட் அடித்திருந்தார்கள்.

முனியராஜ் முருகேஸ்வரியின் சேலையில் வந்தான். கம்பெனிக்குக் கட்டிப்போகிற பருத்திச் சேலை. நைலான் உரசித் தீப்பொறி வரும் என்று கேட்டிலேயே திருப்பி அனுப்பிவிடுவார்கள் என்பதால் அவளிடம் இருந்தவையெல்லாம் பருத்திதான். கூட்டம் சிரித்தது. அவன் குழவியைப் பாரமாகத் தூக்குவதுபோலத் தூக்கி வந்து கதவடியில் வைத்தான். மேடை ஓரத்து ஃபேன் காற்றுக்குக் குழவி தானாக உருண்டு போனது.

மண்டபம் அதிர்ந்தது. அவன் ஓடிப்போய்ப் பிடித்துவந்து வைத்தான். மறுபடி போனது. "ஏக்கா, கல்லு கோவிச்சுக்கிட்டுப் போகுது பாரு!" என்று யாரோ கத்தினார்கள். மூன்றாம் தடவை அது மேடையைவிட்டே விழுந்து முன்வரிசைக் குழந்தைகளிடம் போய்விட்டது. கதவுக்குப் பின்னால் வைக்க அவனிடம் ஒன்றுமில்லை.

அப்போது ஜன்னலில் சத்தம் வந்தது.

கட கட டங்.

முன்வரிசையில் பேச்சியம்மாள் முந்தானையால் முகத்தை மூடிக்கொண்டாள்.

"பானும்மா... அப்பா வந்துட்டேன்டா..."

ஒத்திகையில் வாளிச் சத்தத்துக்குப் பதில் மேடம் கைதட்டித்தான் காட்டுவார். வாளியும் கம்பியும் அன்றைக்குத்தான் முதல் தடவை. வாழ்நாளெல்லாம் முனியராஜ் அந்தச் சத்தத்துக்கு வெளியே நின்றிருக்கிறான். உள்ளே இருந்து கேட்டது அன்றைக்குத்தான். தெளிந்த தலையோடு, அவளுடைய சேலையில், கதவில் தாழ்ப்பாள் இல்லாமல். அவன் ஜன்னலை விட்டுப் பின்வாங்கியதை முன்வரிசைக்காரர்கள் நடிப்பு என்று நினைத்தார்கள்.

அவன் கதவைத் திறக்கப் போகவில்லை. கதவில் முதுகைக் கொடுத்து, காலை நீட்டி ஊன்றிக்கொண்டு தரையில் உட்கார்ந்துவிட்டான்.

வெளியே முருகேஸ்வரி கதவைத் தள்ளினாள். திறக்க வேண்டிய கதவு. திறக்கவில்லை. இன்னொரு தடவை தள்ளினாள்.

"திறங்க... முனியராஜ், திறங்க..." என்று திரைக்குப் பின்னாலிருந்து மேடம் கிசுகிசுத்தது மைக்கில் விழுந்து மண்டபம் பூராவும் கேட்டது. மறுபடி சிரிப்பு.

"நாளையிலேருந்து நிறுத்திருவேன்" என்றாள் முருகேஸ்வரி. அவளுக்கு வேறு வசனம் இல்லை.

"இன்னைக்கு வேணாம்" என்றான் அவன். அந்தக் காட்சியில் மனைவிக்கு வசனமே கிடையாது. "நாளைக்கு வாங்க. வெளிச்சத்துல வாங்க. பகல்ல வாங்க. எனக்குப் பயமா இருக்கு."

விசில் பறந்தது. சோலையம்மாள் ஒட்டு மீசையோடு எழுந்து நின்று கைதட்டினாள். கதவுக்கு வெளியே முருகேஸ்வரி நின்றிருந்தாள். கதவு திறக்காவிட்டால் தன் புருஷன் என்ன செய்வான் என்று அவளுக்குத் தெரியாது. அவனுடைய நடை, பேச்சு, விக்கல் எல்லாம் தெரியும். அவன் திரும்பிப் போனதை மட்டும் அவள் பார்த்ததே இல்லை. பிறகு வாளியை எங்கும் உரசாமல் மார்போடு அணைத்துக்கொண்டு, மேடையைவிட்டு இறங்கி, கூட்டத்தின் நடுவே நடந்து வாசலுக்குப் போய்விட்டாள். திரையை யார் போட்டார்கள் என்று தெரியவில்லை.

"கடைசிக் காட்சியைக் கெடுத்துட்டீங்களே" என்று மேடம் அவனிடம் சொன்னாராம். சொல்லும்போது அவர் மூக்கை உறிஞ்சிக்கொண்டிருந்தார் என்பது சோலையம்மாளின் சாட்சி.

திங்கட்கிழமை. நல்ல நேரம் பார்த்து வந்தானோ என்னவோ, நல்ல வெயிலில் வந்தான். முன் கதவு காற்றுக்காகத் திறந்து கிடந்தது. அவன் உள்ளே வரவில்லை. நிலைப்படியை விரலால் தட்டினான்.

"பகல்ல வரச் சொன்னாக. வந்துட்டேன்."

"யாரு சொன்னா?" என்றாள் முருகேஸ்வரி உள்ளிருந்து.

"நான்தான் சொன்னேன்."

அவள் சிரிப்பை அடக்கிக்கொண்டு, "வாங்க" என்றாள். பேச்சியம்மாள் ஓடிவந்து மகனின் முகத்தைத் தடவினாள். அடுத்த நிமிஷம் அவன் கைகளைப் பார்த்தாள்.

"பை எங்கலே? பஸ்ல விட்டுட்டியா?"

"கொண்டுவரலைம்மா. சாப்பிட்டுட்டுப் போகத்தான் வந்தேன்."

பேச்சியம்மாள் மருமகளைப் பார்த்தாள். மருமகள் இலையைக் கழுவிக்கொண்டிருந்தாள். அவனுக்குக் கருவாட்டுக் குழம்பு ஊற்றினார்கள். தலையைக் குனிந்து சாப்பிட்டான். அவன் காதோரத்தில் வெள்ளி இல்லை என்று முருகேஸ்வரி கவனித்தாள். கல்யாணம் ஆன நாளிலிருந்து அந்த இடத்தை அவள் சுத்தமாகப் பார்த்ததில்லை.

"மருந்து ரூமுக்குப் போகலை. காலையில மேஸ்திரிட்ட சொல்லிட்டேன். விருதுநகர்ல ஒரு பருப்பு மில்லுல மூட்டை தைக்கிற வேலை. மையத்துக்குப் பக்கத்துலயே ராம்குமார் முன்னமே எடுத்த ரூம். இனி அவனும் நானும்" என்றான் இலையைப் பார்த்துக்கொண்டே.

"முதலாளி வீட்டுப் புள்ளையும் நீயுமா? சமையல் யாருலே?"

"அவன்தான். நாகையா அண்ணன் ஒரு நாள் வந்து சாப்பிட்டுட்டு, இதுக்குக் குடியே தேவலைன்னாரு."

பேச்சியம்மாள் சிரித்தாள், உடனே அழுதாள். முருகேஸ்வரி, "எத்தனை நாளைக்கு?" என்று கேட்டாள்.

"தெரியலை ஈஸ்வரி. நேத்து அந்தச் சத்தத்தைக் கேட்டுட்டு ராத்திரி பூரா எனக்கே தூக்கம் வரலை. ஒரு தடவை கேட்டதுக்கே."

அவன் கை கழுவிவிட்டு வந்து முன் கதவருகே நின்றான். தாழ்ப்பாளை அப்போதுதான் பார்த்தான். விரலால் தொட்டான்.

"எங்கன வாங்குன?"

"சிவகாசியில."

"மூணு திருகாணிதான் போட்டிருக்கு. ஒண்ணு எங்க?"

நாலாவது திருகாணி சாமி பட அலமாரியில் விபூதித் தட்டுக்குள் கிடந்தது. அவள் எடுத்துவந்தாள். திருப்புளியும் கொண்டுவந்தாள். பழைய தாழ்ப்பாளைக் கழற்றிய அதே திருப்புளி. அவன் உட்கார்ந்து முடுக்கினான். முடுக்கி முடித்ததும் கதவைச் சாத்தினான். தன்னை உள்ளே வைத்தே சாத்தினான். தாழ்ப்பாளை இழுத்துப் போட்டான்.

வீடு இருட்டிவிட்டது. அவன் நெற்றியில் வேர்வை முத்து முத்தாக வந்தது. மூச்சு வாங்கியது. ஒரு கை சுவரைத் தேடியது. "எடுத்துருங்க, போதும்" என்றாள் முருகேஸ்வரி. அவன் எடுக்கவில்லை. இன்னும் இரண்டு மூச்சு நின்றுவிட்டுப் பிறகுதான் திறந்தான். வெளிச்சம் வந்ததும் நிலையில் சாய்ந்துகொண்டான்.

"நல்லாப் பிடிக்குது" என்றான்.

பேச்சியம்மாள் மிச்சக் குழம்பைத் தூக்குவாளியில் ஊற்றப் போனாள். பாதியில் நிறுத்தி, ஒரு பிளாஸ்டிக் டப்பாவை எடுத்து அதில் ஊற்றி மஞ்சப்பையில் வைத்துக் கொடுத்தாள்.

அவன் செருப்பைப் போட்டுக்கொண்டான். "ஞாயித்துக்கெழமை வரட்டுமா? பகல்ல?"

"வாங்க. தூக்குவாளி மட்டும் கொண்டாராதீக."

"சோறு?"

"இங்கன தட்டு இருக்கு."

அவன் தலையாட்டினான். படியிறங்கி நாலு எட்டு போனவன் நின்று திரும்பினான்.

"சாத்திக்க ஈஸ்வரி."

"இப்பவா? பட்டப்பகல்."

"தாப்பாப் போடுற சத்தம் கேட்டுட்டுப் போறேன்."

வெயிலில் அவன் நின்றுகொண்டிருந்தான். முருகேஸ்வரி அவனை ஒரு தடவை முழுதாகப் பார்த்துவிட்டு, கதவைச் சாத்தித் தாழ்ப்பாளைப் போட்டாள். வெளியே செருப்புச் சத்தம் அதன் பிறகுதான் கிளம்பியது.